இரத்தமும் இரட்சிப்பும்: வாம்பயர் கதைகள் பற்றி வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வாம்பயர் நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். பழைய பங்களா, பாதிரியார், சிலுவை, பூண்டு எல்லாம் வைத்திருக்கிறேன். படித்த நண்பர்கள் "நல்லாத்தான் இருக்கு, பயம்தான் வரலை" என்கிறார்கள். கோளாறு எங்கே? – வாசகர், நாகர்கோவில்

பதில்: சாமான் பட்டியலில் குறை இல்லை. அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கவேண்டும், அது இல்லை. முதல் அத்தியாயத்தைத் தொடும் முன்பே ஒரு விஷயத்தை முடிவு செய்துகொள்ளுங்கள்: உங்கள் வாம்பயரின் ஆன்மா இப்போது எங்கே இருக்கிறது?

ஒன்று, அது எப்போதோ கடவுளின் தீர்ப்புக்குப் போய்விட்டது. எழுந்து நடப்பது வெறும் சவம், உள்ளிருந்து ஆட்டுவது பிசாசு. இரண்டு, ஆன்மா அந்த உடலுக்குள்ளேயே சிறைப்பட்டிருக்கிறது. மூன்று, அவன் சாகவே இல்லை. உடல் மாறிப்போன, உயிருள்ள மனிதன். நாவலுக்குள் ஒருவர் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, எழுதுகிற உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஏனென்றால் கதையின் எல்லா விதிகளும் இதிலிருந்துதான் பிறக்கின்றன. முதல் வகையில் மார்பில் ஆப்பு அடிப்பதில் பாவம் எதுவும் இல்லை. சவத்தைச் சிதைக்கும் அருவருப்பு மட்டும் மிஞ்சும். இரண்டாம் வகையில் அதே ஆப்பு விடுதலையாகிவிடும். பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897) இந்த வழியில்தான் போகிறது: வாம்பயராகிவிட்ட லூசியின் மார்பில் ஆப்பை இறக்குவது அவளை மணக்க இருந்த ஆர்தர். இறங்கியதும் அவள் முகத்தில் பழைய சாந்தம் திரும்புகிறது. மூன்றாம் வகையில் ஆப்பு அடிப்பது கொலை. கத்தோலிக்கருக்கு அது ஐந்தாம் கட்டளையை மீறுவது, புராட்டஸ்டன்ட் மரபைச் சேர்ந்த சி.எஸ்.ஐ. சபையாருக்கு ஆறாம் கட்டளை. இரு சபைகளும் பத்துக் கட்டளைகளை எண்ணும் முறை வேறு. உங்கள் பாதிரியார் வசனம் பேசும்போது எண்ணை மாற்றிச் சொன்னால் நாகர்கோவில் வாசகர்கள் உங்களைச் சும்மா விடமாட்டார்கள்.

உங்கள் கதையில் 3-ஆம் அத்தியாயத்தில் வாம்பயர் அழுகிறான், 7-இல் பிசாசாகச் சிரிக்கிறான், 10-இல் அவனைக் கொன்றவர்கள் குற்ற உணர்வே இல்லாமல் காபி குடிக்கிறார்கள் என்றால், மூன்று வகையும் கலந்துவிட்டன என்று அர்த்தம். எதற்குப் பயப்படுவது என்று வாசகருக்குத் தெரியாமல் போனதும் பயம் போய்விடும்.

கேள்வி: 'டிராகுலா'வில் வாம்பயரை வேட்டையாடும் வான் ஹெல்சிங், திருப்பலியில் கிறிஸ்துவின் உடலாகக் கொடுக்கப்படும் நற்கருணை அப்பத்தை நொறுக்கிப் பிசைந்து கல்லறைக் கதவு இடுக்கில் பூசுகிறாரே, கத்தோலிக்கத் திருச்சபை இதற்கெல்லாம் அனுமதி தருமா? – வாசகி, தூத்துக்குடி

பதில்: தராது. தான் ஆம்ஸ்டர்டாமிலிருந்து அப்பத்தைக் கொண்டுவந்ததாகவும், அதற்குத் தன்னிடம் 'இன்டல்ஜன்ஸ்' இருப்பதாகவும் அவர் சொல்கிறார். ஸ்டோக்கர் சறுக்கிய இடம் இது. பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகம் 'பாவமன்னிப்புச் சீட்டு' என்று சொல்லும் அந்தப் பலன், ஏற்கெனவே மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு இன்னும் பாக்கி இருக்கும் தண்டனையைத் தள்ளுபடி செய்வது. இனிமேல் செய்யப்போகும் ஒரு காரியத்துக்கான உரிமம் ஆகாது. நற்கருணையை அவமதிப்பவர் அந்தச் செயலாலேயே சபைவிலக்கத்துக்கு உள்ளாகிறார். அதை நீக்கும் அதிகாரம் உரோமைக்கு மட்டுமே.

இதைவிட நுட்பமான தவறும் அந்தக் காட்சியில் உண்டு. அப்பத்தின் தோற்றம் எதுவரை நீடிக்கிறதோ அதுவரைதான் அதில் கிறிஸ்துவின் பிரசன்னம் நீடிக்கும் என்பது கத்தோலிக்கப் போதனை. வான் ஹெல்சிங் அப்பத்தைப் பொடியாக நொறுக்கி, மாவு போன்ற வெள்ளைப் பசையில் போட்டுப் பிசைந்து, திரியாக உருட்டுகிறார். அப்பம் என்று அடையாளம் தெரியாத அளவுக்கு அது கலந்துவிட்டால், மறையியல்படி கதவிடுக்கில் மிஞ்சுவது வெறும் பசை. வெளியே போயிருந்த லூசி தாராளமாக உள்ளே திரும்பியிருக்கலாம்!

ஸ்டோக்கர் டப்ளினில் பிறந்தவர், அயர்லாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவர், அதாவது ஆங்கிலிக்கன். கத்தோலிக்க வழிபாட்டை வெளியிலிருந்து பார்த்தவருடைய வியப்பு நாவல் முழுக்கத் தெரியும். டிராகுலாவின் கோட்டைக்குப் போகும் ஜோனதன் ஹார்க்கரே, ஒரு பெண் தன் கழுத்தில் ஜெபமாலையைப் போடும்போது, 'இதெல்லாம் ஓரளவு விக்கிரக வழிபாடு என்றல்லவா எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்' என்று கூச்சப்படுகிறான். பிறகு கோட்டைக்குள் அதே ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டுதான் ஆறுதல் தேடுகிறான். அந்தக் கூச்சம் எங்களுக்குப் பிடித்த இடம். தவறான மறையியலிலிருந்து சரியான மனித மனம் வெளிப்படுகிறது.

நீங்கள் எழுதுவதாக இருந்தால் அப்பத்தை முழுதாக வையுங்கள். நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோக மூடியுள்ள சிறு உலோகச் சிமிழ் உண்டு. இன்று பொதுநிலையினரும் கன்னியரும்கூட அனுமதி பெற்று அதைக் கொண்டுசெல்கிறார்கள். இரவு 10 மணிக்கு நோயாளி வீட்டிலிருந்து திரும்பும் கன்னியரின் பையில் அந்தச் சிமிழ் இருக்கலாம். உள்ளே மீந்த ஒரே ஓர் அப்பம். அவர் அதை ஆயுதமாக நீட்டலாமா, அல்லது அவமதிப்பு நேரும் முன் தானே உட்கொண்டுவிட வேண்டுமா? உட்கொள்வதே முறை. உட்கொண்டுவிட்டால் கையில் ஒன்றும் இல்லை. இப்படி ஒரு நெருக்கடி கிடைத்தால் பூண்டு மாலை எதற்கு?

கேள்வி: வெயில் பட்டால் வாம்பயர் சாம்பலாகிவிடுவது பைபிளிலிருந்து வந்ததா? – வாசகர், மதுரை

பதில்: 1922-இல் வந்த 'நோஸ்ஃபெராட்டு' என்ற ஜெர்மன் ஊமைப்படத்திலிருந்து வந்தது. ஸ்டோக்கரின் டிராகுலா பகலில் லண்டன் தெருவில் நடக்கிறான், சக்திதான் குறையும். இன்னொன்று: அவன் சாவது ஆப்பினாலும் இல்லை. ஹார்க்கரின் குக்ரி கத்தி கழுத்தை அறுக்கிறது, கூட்டாளி குவின்ஸி மோரிஸின் கத்தி இதயத்தில் இறங்குகிறது.

கேள்வி: வாம்பயர் கடித்த பெண் எப்படிப் பாவியாவாள்? அவள் விரும்பியா கடி வாங்கினாள்? டிராகுலாவில் ஹார்க்கரின் மனைவி மீனாவின் நெற்றியை அப்பம் சுடுவது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. – வாசகி, திருச்சி

பதில்: அநியாயம்தான். மறையியலாளர்களும் உங்கள் பக்கமே நிற்பார்கள்.

சாவான பாவத்துக்கு, அதாவது கடவுளின் அருளை இழக்கவைக்கும் பாவத்துக்கு, மூன்று நிபந்தனைகள் வேண்டும்: காரியம் கனமானதாக இருக்கவேண்டும், தெரிந்து செய்யவேண்டும், முழுச் சம்மதத்தோடு செய்யவேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது சாவான பாவம் ஆகாது. லூசி தூக்கத்தில் நடப்பவள். அறிவும் இல்லை, சம்மதமும் இல்லை. மீனாவின் பின்னங்கழுத்தைப் பிடித்து முகத்தைத் தன் மார்போடு அழுத்தி இரத்தத்தைக் குடிக்கவைக்கிறான் டிராகுலா. அவள் மேல் என்ன குற்றம்?

புனித அகுஸ்தீனார் இதை ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே பேசிவிட்டார். 410-இல் கோத்தர்கள் உரோமைச் சூறையாடியபோது கற்பழிக்கப்பட்ட பெண்களைப் பலர் கேவலமாகப் பேசினார்கள். 'கடவுளின் நகரம்' முதல் புத்தகத்தில் அவர் தரும் விடை: மனம் இணங்காதவரை பிறர் பலவந்தம் உடலின் தூய்மையைப் பறிக்காது, பாவம் பலவந்தம் செய்தவனுடையது. லுக்ரேசியா என்ற உரோமைப் பெண் இதற்காகத் தற்கொலை செய்துகொண்டதைப் புகழ்ந்தவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை.

மீனாவோ நெற்றி சுட்டதும் தன்னைத் தீட்டுப்பட்டவள் என்று கதறுகிறாள். லேவியராகமம் 13-இல் தொழுநோயாளி 'தீட்டு, தீட்டு' என்று கத்தவேண்டும் என்றிருக்கிறதே, அந்தக் கதறல். அதாவது ஸ்டோக்கர் இந்தக் காட்சியில் பாவக் கணக்கை விட்டுத் தீட்டுக் கணக்குக்குத் தாவிவிடுகிறார். தீட்டுக்குச் சம்மதம் தேவையில்லை, தொட்டாலே ஒட்டும். டிராகுலா செத்ததும் வடு தானாக மறைவதும் அதனால்தான்: அவள் மனந்திரும்பியதால் மறையவில்லை, தொற்றின் மூலம் அழிந்ததால் மறைந்தது.

இரண்டு கணக்கையும் தெரிந்தே மோதவிட்டால் நல்ல கதை கிடைக்கும். ஊரும் குடும்பமும் அவளைத் தீட்டாகப் பார்க்கட்டும், பங்குத்தந்தை மட்டும் "உன்மேல் பாவம் இல்லை" என்று சொல்லட்டும். பிறகு முதன்முதலாகத் தாகம் எடுக்கும் இரவில் அவள் எடுக்கிற முடிவு, அதுதான் அவளுடைய முதல் பாவமோ முதல் வெற்றியோ. திகில் அந்த நொடிக்காகக் காத்திருக்கவேண்டும். கடிபட்டவுடன் கண் சிவந்து பல் நீண்டு ஆள் மாறிவிட்டால் அவள் தீர்மானிப்பதற்கு எதுவுமே இருக்காது.

கேள்வி: அழைக்காமல் வீட்டுக்குள் வரமுடியாது என்ற விதியை எப்படிப் பயன்படுத்துவது? எல்லோரும் "உள்ளே வாங்க" என்ற ஒரு வசனத்தோடு முடித்துவிடுகிறார்கள். – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஒரே வசனத்தில் முடித்தால் வீண். பாவம் மனத்துக்குள் வரும் வழியைப் பழைய ஆசிரியர்கள் மூன்று படியாகப் பிரிப்பார்கள்: தூண்டுதல், அதில் கிடைக்கும் இன்பம், பிறகு சம்மதம். திருத்தந்தை பெரிய கிரகோரியார் இதை விரிவாகப் பேசியிருக்கிறார். முதல் படியில் பாவமே இல்லை. தூண்டுதல் யாருக்கும் வரும். யாக்கோபு நிருபமும் இதே வரிசையில்தான் போகிறது: 'இச்சையானது கர்ப்பந்தரித்து, பாவத்தைப் பிறப்பிக்கும்.'

அதனால் வாசற்படிக் காட்சியை மூன்று இரவுகளுக்கு நீட்டுங்கள். முதல் இரவில் இறந்துபோன தம்பியின் குரல் வாசலில் கேட்கிறது. அக்கா பயந்து விளக்கை அணைக்கிறாள். இரண்டாம் இரவில் கதவைத் திறக்காமல், கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறாள். பழைய கதையெல்லாம் பேசுகிறார்கள், சிரிக்கிறாள். கெட்டது நடப்பது இந்த இரண்டாம் இரவில்தான். மூன்றாம் இரவில் "வாடா" என்பது வெறும் சடங்கு.

ஆதியாகமம் 4:7-இல் கடவுள் காயீனிடம் 'பாவம் வாசற்படியில் படுத்திருக்கும்' என்கிறார். வெளிப்படுத்தின விசேஷம் 3:20-இல் கிறிஸ்து சொல்வது 'இதோ, வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்'. இருவருமே உடைத்துக்கொண்டு உள்ளே வருவதில்லை. கதவு தட்டப்படும்போது வெளியே நிற்பது எது என்று தெரியாமல் தவிக்கும் பக்தியுள்ள கதாபாத்திரம் உங்களுக்குத் தேவை.

கேள்வி: என் கதாநாயகர் சி.எஸ்.ஐ. போதகர். தீர்த்தத்தைத் தெளித்து வாம்பயரை விரட்டுவதாக எழுதியிருந்தேன். என் மாமியார் படித்துவிட்டுச் சிரித்தார். – வாசகி, பாளையங்கோட்டை

பதில்: உங்கள் மாமியார் சரியாகத்தான் சிரித்திருக்கிறார். போதகர் கையில் தீர்த்தம் ஏது? நற்கருணைப் பேழையும் இல்லை. ஆங்கிலிக்கன் சபையின் 39 விதிகளில் 28-ஆவது, திருவிருந்தைச் சேமித்து வைப்பதும், எடுத்துச் சுற்றுவதும், உயர்த்திப் பிடித்து வணங்குவதும் கிறிஸ்து ஏற்படுத்தியவை அல்ல என்கிறது. அந்த மரபில் வந்தவர் அப்பத்தை ஆயுதமாகத் தூக்கமாட்டார்.

அவரிடம் இருப்பவை வேதவசனம், ஜெபம், உபவாசம், இயேசுவின் நாமம். மாற்கு 9:29-இல் 'இவ்வகைப் பிசாசு ஜெபத்தினாலும் உபவாசத்தினாலுமேயன்றி, மற்றெவ்விதத்தினாலும் புறப்பட்டுப்போகாது' என்றிருக்கிறது. உபவாசம் திகில் கதைக்கு அருமையான கருவி, ஏனோ யாரும் தொடுவதில்லை. பசியே உருவான ஒரு ஜந்துவுக்கு முன்னால், மூன்று நாள் சாப்பிடாமல் கால் நடுங்க நிற்கும் மனிதர். இருவருக்கும் பசி. ஒருவர் தானாக ஏற்றுக்கொண்டது, இன்னொருவரை அது ஆள்கிறது. வசனமே தேவையில்லை.

எது தோற்கும் என்பதற்கும் வேதத்தில் காட்சி இருக்கிறது. அப்போஸ்தலர் 19-இல் ஸ்கேவாவின் ஏழு குமாரர்கள், பவுல் சொல்கிற இயேசுவின் பேரால் பிசாசை ஓட்டப் பார்க்கிறார்கள். பிசாசு "இயேசுவை அறிவேன், பவுலையும் அறிவேன், நீங்கள் யார்" என்று கேட்கிறது. பிசாசு பிடித்த மனிதன் பாய்ந்து அடித்ததில் ஏழு பேரும் துணி இழந்து, காயத்தோடு ஓடினார்கள். நாமத்தை மந்திரமாகப் பயன்படுத்தினால் வேலை செய்யாது என்ற விதி இதில் அடங்கிவிட்டது. போதகரிடம் வாம்பயர் "நீ யார்?" என்று கேட்டு, அவருக்குப் பதில் வராமல் போகும் ஒரு நொடியை எழுதிப் பாருங்கள், மாமியார் சிரிக்கமாட்டார்.

கேள்வி: பாதிரியாருக்கு விசுவாசம் போய்விட்டால் சிலுவை வேலை செய்யாது என்று பல கதைகளில் வருகிறது. இது சரியா? – வாசகர், புதுச்சேரி

பதில்: பாதி சரி. 4-ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் பெரிய சண்டை நடந்தது. உரோமைப் பேரரசன் தியோக்ளேசியன் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தியபோது பயந்து வேதப் புத்தகங்களை ஒப்படைத்த குருக்கள் கொடுத்த திருமுழுக்கு செல்லுமா? டொனாட்டிஸ்டுகள் என்ற பிரிவினர் செல்லாது என்றார்கள். அகுஸ்தீனார் செல்லும் என்றார். கொடுப்பவர் கிறிஸ்து, குரு கருவிதான். 1547-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்துச் சங்கம் இதை உறுதிசெய்தது. ஆகவே விசுவாசமே இல்லாத குரு, சரியான பொருளோடும் வார்த்தையோடும் திருச்சபையின் நோக்கத்தோடும் வசீகரம் செய்த (அதாவது திருப்பலியில் அர்ச்சித்த) அப்பமும் உண்மையான நற்கருணைதான்.

சிலுவை, தீர்த்தம், மந்திரித்த ஜெபமாலை போன்றவை வேறு தரம். இவை திருச்சபையின் மன்றாட்டாலும் பயன்படுத்துபவரின் மனநிலையாலும் பலன் தருபவை. விசுவாசம் ஆடினால் இவை பலிக்காமல் போவதாக எழுத இடம் உண்டு. ஸ்டீபன் கிங்கின் ''சேலம்'ஸ் லாட்' (1975) நாவலில் அருட்தந்தை கலஹானின் சிலுவை ஒளி மங்கி அணைகிறது. வாம்பயர் அதைக் கீழே போடச் சொல்லிச் சவால் விடுகிறான், இவர் விட மறுத்துப் பற்றிக்கொள்கிறார். கடவுளை நம்பாமல் மரக்கட்டையை நம்பிய நொடியில் அது வெறும் கட்டையாகிறது. மறையியல் அறிந்தவர்களும் தலையாட்டும் காட்சி.

இந்த வேறுபாட்டை வைத்தே ஒரு கதை எழுதலாம்: விசுவாசம் போன குருவின் கையில் சிலுவை செத்துக் கிடக்கிறது, அவர் நம்பாத அப்பம் மட்டும் எரிகிறது. அவருக்கு அது ஆறுதலா, அவமானமா?

கேள்வி: வாம்பயர் பாவசங்கீர்த்தனம் செய்யவந்தால் குருவானவர் என்ன செய்யவேண்டும்? – வாசகர், வேளாங்கண்ணி

பதில்: இந்தத் தபாலில் வந்ததில் சிறந்த கேள்வி.

பாவமன்னிப்புக்கு மனஸ்தாபம் வேண்டும், பாவங்களை அறிக்கையிட வேண்டும், இனிச் செய்வதில்லை என்ற உறுதி வேண்டும், பரிகாரமும் செய்யவேண்டும். மூன்றாவதில்தான் வாம்பயர் மாட்டுவான். 'சாமி, இன்று இரவும் எனக்குப் பசிக்கும்' என்பவனிடம் அந்த உறுதி இருக்கிறதா? பழக்கமோ கட்டாயமோ குற்றத்தின் கனத்தைக் குறைக்கும் என்றும் போதனை உண்டு. ஆகவே குரு கேட்கவேண்டிய கேள்வி 'இனி உனக்குப் பசிக்குமா' என்பதில்லை, 'பசித்தால் எதிர்த்து நிற்க முயல்வாயா' என்பது. மிருக இரத்தம் கிடைக்கிறதா, தன்னைக் கட்டிப்போடச் சொல்வானா என்றெல்லாம் அவர் கேட்கலாம். இந்த உரையாடலே ஓர் அத்தியாயம் வரும். மறுத்தால் மன்னிப்பாசீரைத் தள்ளிவைக்கலாம்.

ஆனால் ஆசீர் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது. போலீசிடம் சொல்லக்கூடாது, அடுத்த பலியாகப் போகிறவளிடம்கூட 'இன்று வெளியே போகாதே' என்று கேட்டதை வைத்துச் சூசகமாகச் சொல்லக்கூடாது. பாவசங்கீர்த்தன இரகசியத்தின் முத்திரையை நேரடியாக உடைத்தால் சபைவிலக்கம். கதை எழுதுவோர் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்: குரு ஓடிப்போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார், கதையும் அங்கே படுத்துவிடுகிறது. சொல்லமுடியாமல் அவர் தவிக்கவேண்டும்.

இன்னும் ஒரு சிக்கல். திருமுழுக்கு, பாவசங்கீர்த்தனம் போன்ற அருளடையாளங்கள் உயிருள்ளவர்களுக்கு உரியவை. எதிரே மண்டியிட்டிருப்பவன் உயிரோடிருக்கிறானா? பழைய உரோமைச் சடங்குநூலில் இதற்கும் வழி இருந்தது: ஒருவர் இறந்துவிட்டாரா என்று சந்தேகம் இருந்தால், 'நீ உயிரோடிருந்தால்' என்று நிபந்தனை சேர்த்து நோயில் பூசுதல் கொடுக்கலாம். வாம்பயரின் நெற்றியில் எண்ணெய் பூசும் குரு அந்த வார்த்தையைச் சொல்லும்போது என்ன ஆகிறது என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆன் ரைஸின் 'இன்டர்வியூ வித் தி வாம்பயர்' (1976) நாவலில் லூயி நியூ ஆர்லியன்ஸ் பேராலயத்தில் பாவசங்கீர்த்தனம் செய்கிறான்; கேலி செய்வதாக நினைத்துக் குரு சினக்கிறார்; லூயி அவரையே கொன்றுவிடுகிறான். அந்த வழி முடிந்துபோன வழி, நீங்கள் வேறு பக்கம் போங்கள்.

கேள்வி: புனிதர்களின் உடல் அழியாது என்கிறோம். வாம்பயர் உடலும் அழியாது என்கிறார்கள். எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது? – வாசகி, மணப்பாடு

பதில்: இந்தக் கேள்வி ஐரோப்பாவையே ஒரு நூற்றாண்டு ஆட்டியது. மேற்கில் அழியாத உடல் புனிதத்தின் அறிகுறி. கிரேக்கக் கிழக்கில் நேர்மாறு: சபைவிலக்கம் பெற்றவன் உடல் மண்ணோடு கரையாது என்பது நம்பிக்கை, சாபத்தின் வாசகத்திலேயே அப்படி இருந்தது. ஊதி, பறைபோல் விறைத்துக் கிடக்கும் அந்த உடலை 'வ்ரிகோலாகாஸ்' என்றார்கள். குரு அதன்மேல் மன்னிப்பு ஜெபம் வாசித்ததும் உடல் அப்படியே உதிர்ந்து தூளானதாகக் கதைகள் உண்டு. ஆப்பைவிட இந்த முடிவு எங்களுக்கு மேலானதாகத் தோன்றுகிறது.

ஆஸ்திரிய ஆட்சியிலிருந்த செர்பியாவில் 1725-இல் பீட்டர் புளோகோயோவிட்ஸ் என்ற விவசாயியின் கல்லறையைத் திறந்தார்கள்; 1732-இல் அர்னால்ட் பவோலே வழக்கு பற்றி இராணுவ மருத்துவர் ஃப்ளூக்கிங்கர் அறிக்கை எழுதினார். 'வாயில் புது இரத்தம், புது நகம், ஆப்பு அடித்தபோது முனகல்' என்றெல்லாம் இந்த வழக்குகளில் சொல்லப்பட்டது. இதற்கு இன்று விளக்கம் உண்டு: அழுகும் உடலில் வாயு நிறைந்து வயிறு உப்பும், நுரையீரலிலிருந்து கருஞ்சிவப்புத் திரவம் வாய் வழியே தள்ளப்படும், மேல்தோலும் நகமும் கழன்று அடித்தோல் புதிதுபோல் தெரியும், மார்பில் குத்தினால் வாயு குரல்நாண் வழியே வெளியேறிச் சத்தம் வரும். பெனடிக்டின் மடாதிபதி கால்மே 1746-இல் இது பற்றிப் பெரிய நூலே எழுதினார். இறந்தவரை உயிர்ப்பிக்க வல்லவர் கடவுள் ஒருவரே. அப்படியிருக்க இரத்தம் குடிக்க எழுப்புவது யார் என்பது அவரைக் குடைந்த கேள்வி. பேரரசி மரியா தெரசா 1755-இல் தன் மருத்துவர் வான் ஸ்வீட்டனின் அறிக்கைக்குப் பின், சவத்தைத் தோண்டுவதையும் எரிப்பதையும் தடைசெய்தார்.

சவேரியார் தங்கியிருந்த மணப்பாட்டிலிருந்து கேட்டிருப்பதால் ஒன்று சேர்க்கிறோம். புனித சவேரியார் 1552 டிசம்பரில் சீனக் கடற்கரைக்கு அருகே சாங்சுவான் தீவில் இறந்தார். சதை சீக்கிரம் கரைந்தால் எலும்பைக் கொண்டுபோகலாம் என்று சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள். அடுத்த பிப்ரவரியில் தோண்டியபோது உடல் அப்படியே இருந்தது. கோவாவில் இன்றும் மக்கள் வரிசையில் நின்று பார்க்கிறார்கள். தோண்டி எடுத்த உடலைப் பற்றிச் சாட்சிகள் சொல்வது இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றே. அவர் வாழ்ந்த வாழ்க்கைதான் தீர்ப்பை மாற்றியது. வித்தியாசம் கண்டுபிடிக்கும் பொறுப்பை உங்கள் நாவலில் ஒரு மறைமாவட்ட விசாரணைக் குழுவிடம் கொடுங்கள். ஊர் புனிதர் என்று கொண்டாடும் உடல், இரவில் விரலை அசைக்கட்டும்.

கேள்வி: நற்கருணையிலும் இரத்தம் குடிக்கிறோமே, வாம்பயரும் அதைத்தானே செய்கிறான்? கேட்டால் வீட்டில் திட்டுகிறார்கள். – கல்லூரி மாணவர், சென்னை

பதில்: திட்டுவதற்கு ஒன்றும் இல்லை, கதையின் அச்சே அதுதான். 'இரத்தமே உயிர்' என்று உபாகமம் 12:23 சொல்கிறது. டிராகுலாவில் ஈயைத் தின்னும் ரென்ஃபீல்டு பிதற்றுவதும் இதே வசனம், பாதியை வெட்டிவிட்டு. முழு வசனம் இரத்தத்தைப் புசிக்காதே என்கிறது; உயிர் கடவுளுடையது என்பதால். அப்படிப்பட்ட யூதர்களிடம் இயேசு 'என் மாம்சத்தைப் புசித்து, என் இரத்தத்தைப் பானம்பண்ணுகிறவனுக்கு நித்தியஜீவன் உண்டு' (யோவான் 6:54) என்றதும் பல சீடர்கள் விட்டுப் போனார்கள். அதிர்ச்சி அன்றே இருந்தது.

திசை மட்டும் எதிர். அங்கே தருபவர் தன் இரத்தத்தைத் தருகிறார், குடிப்பவர் உயிர் பெறுகிறார். இங்கே எடுப்பவன் பிறர் இரத்தத்தை எடுக்கிறான், கொடுத்தவர் சாகிறார். டிராகுலா மீனாவுக்குத் தன் இரத்தத்தைக் கொடுக்கும்போதும் அவளைத் தன் திராட்சை ஆலை என்கிறான். கொடுப்பதே பிறகு பிழிந்து எடுக்கத்தான்.

'மிட்நைட் மாஸ்' (2021) தொடரில் பங்குத்தந்தை தேவதூதர் என்று தவறாக நம்பிய ஒன்றின் இரத்தத்தைத் திருப்பலி இரசத்தில் கலக்கிறார். சட்டப்படி இரசம் திராட்சைப் பழத்திலிருந்து வந்ததாக, வேறு பொருள் கலவாததாக இருக்கவேண்டும். சேர்ப்பது சிறிதளவு தண்ணீர் மட்டும். அவர் திருச்சபையின் சட்டத்தை மீறியது அந்தத் துளியில். விசுவாசத்தில் அவருக்குக் குறைவே இல்லை என்பதுதான் பயங்கரம்.

கேள்வி: கிறிஸ்தவரே அல்லாத வாம்பயருக்குச் சிலுவை எதற்கு? – வாசகர், ஈரோடு

பதில்: ரிச்சர்ட் மேத்சன் 'ஐ ஆம் லெஜெண்ட்' (1954) நாவலில் இதைக் கேட்டுவிட்டார். யூதரான வாம்பயர் சிலுவைக்கு அசையவில்லை, யூத வேதமான தோராவுக்குப் பதறுகிறார். ஆக, மனத்தில் பதிந்த பயம்தான் காரணம் என்று நாயகன் முடிவுக்கு வருகிறான். 2025-இல் வந்த 'சின்னர்ஸ்' திரைப்படம் இன்னொரு பக்கம் போகிறது: 1932-இல் மிசிசிப்பியில் போதகர் மகன் 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' சொல்ல, அயர்லாந்து வாம்பயரும் கூடவே சொல்கிறான். தன் மண்ணைப் பிடுங்கியவர்கள் திணித்த ஜெபம், ஆனாலும் ஆறுதலாக இருக்கிறது என்கிறான். ஜெபம் கைவிட்டது என்பதைவிட, அது அவனுக்கும் சொந்தம் என்பது அதிகம் உறுத்துகிறது.

கேள்வி: கோவிலுக்குள் ஓடிவிட்டால் தப்பிக்கலாம் என்று வைத்தால் கதை சீக்கிரம் முடிந்துவிடுகிறது. என்ன செய்யலாம்? – வாசகர், திண்டுக்கல்

பதில்: பெரிய வெள்ளியன்று ஓடவிடுங்கள். வியாழன் மாலைத் திருப்பலிக்குப் பிறகு பீடத்தின் துணிகளை அகற்றிவிடுவார்கள். வெள்ளியன்று திருப்பலி கிடையாது. முந்தைய நாள் வசீகரம் செய்த அப்பத்தைத்தான் பிற்பகல் வழிபாட்டில் கொடுப்பார்கள். அது முடிந்ததும் பேழை காலி, கதவு திறந்தே கிடக்கும், அணையாவிளக்கும் அணைந்திருக்கும். பல கோவில்களில் வாசல் தீர்த்தத் தொட்டியும் வறண்டிருக்கும். சனி இரவு உயிர்ப்பு விழா வழிபாடான பாஸ்கா திருவிழிப்பு வரை இதே நிலைதான். சாகக்கிடப்போருக்காக மட்டும் சில அப்பங்களைக் கோவிலுக்கு வெளியே தகுந்த ஓர் இடத்தில் தனியாக வைத்திருப்பார்கள். அது எந்த அறை என்பது பங்குத்தந்தைக்கும் உபதேசியாருக்கும்தான் தெரியும். உங்கள் கதையில் பங்குத்தந்தை இறந்துவிட்டார், உபதேசியாரைக் கடித்து ஒரு மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தீர்த்தம் தீர்ந்துபோனால் சாதாரணத் தண்ணீரை ஊற்றிப் பெருக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். இருக்கும் தீர்த்தத்தைவிடக் குறைவாக ஊற்றினால் அது தீர்த்தமாகவே இருக்கும் என்பது பழைய மரபு. புதிதாகத் தயாரிக்க வேண்டுமானால் குரு தேவை: பழைய முறையில் முதலில் உப்பின்மேல், பிறகு தண்ணீரின்மேல் பேயோட்டும் ஜெபம் சொல்லி, சிலுவை வடிவில் மூன்று முறை உப்பைத் தூவிக் கலப்பார்கள்.